ஏழாவது மாடியின் நிழல்

கட்டடம் வருவதற்கு மூன்று வருடம் முன்னாலேயே அதன் நிழல் வந்துவிட்டது. சித்திரை மாதம், கத்திரி வெயில் தொடங்குவதற்கு முந்தைய வாரம், முல்லை ஃபிளாட்ஸின் கேட்டில் பில்டரின் ஆட்கள் புதுக் கட்டடத்தின் படம் போட்ட பேனரைக் கட்டிவிட்டுப் போன அன்று சாயங்காலம், தெருவைத் தாண்டி இருக்கும் மாநகராட்சித் திடலில், முல்லை ஃபிளாட்ஸின் குட்டை நிழல் விழ வேண்டிய இடத்தில், ஒன்பது மாடி நிழல் ஒன்று நீட்டிப் படுத்திருந்தது. நிமிர்ந்து பார்த்தால் அதே பழைய இரண்டு மாடி, அதே பாசி, கூரைப் பூச்சு உதிர்ந்து துருக் கம்பி எட்டிப் பார்க்கும் அதே பால்கனிகள். குனிந்து பார்த்தால் லிஃப்ட் அறை, தண்ணீர்த் தொட்டி, ஓரத்துக்கு ஓரம் பால்கனி, எல்லாம் கறுப்பில்.

எங்கள் தெருக்காரர்கள் எதற்கும் ஒரு வாரத்துக்கு மேல் ஆச்சரியப்பட மாட்டார்கள். கோடம்பாக்கத்தில் குடியிருப்பவர்கள் நாங்கள். காலையில் அரண்மனை எழும்பி, மறுநாள் தட்டி தட்டியாகக் கழன்று லாரியில் ஏறிப் போவதைப் பார்த்து வளர்ந்தவர்கள். எனவே முதல் வாரம் ஊரே திரண்டு வந்து வேடிக்கை பார்த்தது, இரண்டாவது வாரம் எதிர் வீட்டு அம்மாள் வடாம் காயவில்லை என்று சண்டைக்கு வந்தார், மூன்றாவது வாரம் அவரும் வடாம் பிழியும் நேரத்தைக் காலைக்கு மாற்றிக்கொண்டார். முல்லை ஃபிளாட்ஸ் சங்கச் செயலாளர் பரசுராமன், போக்குவரத்துக் கழகத்தில் முப்பத்திரண்டு வருடம் மனு வாங்கிப் பழகியவர், தாமே ஒரு மனு எழுதிக்கொண்டு மண்டல அலுவலகத்துக்குப் போனார். அங்கே இருந்த அதிகாரி இரண்டு முறை படித்துவிட்டு, கட்டாத கட்டடத்தின் நிழலுக்கு நோட்டீஸ் கொடுக்கத் தங்களுக்கு அதிகாரம் இல்லை, கட்டி முடித்த பிறகு வந்து பாருங்கள் என்று மரியாதையாகத் திருப்பி அனுப்பினார்.

இஸ்திரி போடும் ஏழுமலைதான் கொடுத்துவைத்தவர். இருபது வருடமாகக் கரிப்பெட்டிச் சூட்டிலும் மேற்கு வெயிலிலும் வெந்துகொண்டிருந்தவர், வண்டியை உருட்டிக்கொண்டு போய்த் திடலின் ஓரத்தில், நிழலின் இரண்டாவது மாடியில், நிறுத்திக்கொண்டார். அதன் உள்ளே நின்றால் கொஞ்சம் ஈர சிமெண்ட் வாசனை வரும், புது பெயிண்ட் வாசனை வரும் என்று அவர்தான் முதலில் சொன்னார், போய் நின்று பார்த்தோம், வந்தது.

அதற்கப்புறம் ஃபிளாட்ஸ்காரர்கள் சாயங்காலம் ஆனால் நிழலுக்குள் நடந்து நடந்து வீடு பார்க்க ஆரம்பித்தார்கள். இது எங்கள் பால்கனி, இங்கேதான் வாஷிங் மெஷின், இந்தப் பக்கம் காற்று வரும் என்று காலால் கோடு கிழித்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரர் ஒரு அடி தள்ளி நின்றால் எங்கள் ஹாலுக்குள் நிற்கிறீர்கள் என்று முறைத்துக்கொண்டு. முதல் மாடிக் குடும்பம் ஒன்று இன்னும் ஒருபடி மேலே போனது. வைகாசியில் நல்ல முகூர்த்தம் வருகிறது, இதை விட்டால் ஆவணிதான் என்று ஜோசியர் சொன்னதைக் கேட்டு, சின்ன கேஸ் அடுப்பு, புதுப் பாத்திரம், சாமி படம் எல்லாம் கொண்டுவந்து, தங்கள் நிழல் வீட்டு அடுக்களையில் பால் காய்ச்ச உட்கார்ந்துவிட்டார்கள். பால் பொங்குவதற்குள் நிழல் நகர்ந்துவிட்டது. பொங்கும்போது அது ஆறாவது மாடியில் யாருடைய குளியலறையிலோ பொங்கியது. அந்த வீடு தங்களுக்கு வருகிறது என்று தெரிந்த மேல்மாடிக்காரர்கள் ஒரு டம்ளர் பாலை உரிமையோடு வாங்கிக் குடித்தார்கள்.

இத்தனை கூத்து நடந்தும் கட்டடம் வருமா என்பது யாருக்கும் தெரியாது, ஏனென்றால் பழையதை இடித்துப் புதிதாகக் கட்டும் ஒப்பந்தத்தில் பன்னிரண்டு வீட்டில் பதினோரு வீடு கையெழுத்துப் போட்டாகிவிட்டது, ஒரு வீடு போடவில்லை. மனை பன்னிரண்டு பேருக்கும் பிரிக்காத பங்கு. உன் பங்கு எங்கே என்று கேட்டால் ஒருவராலும் விரலால் காட்ட முடியாது. அதனால் ஒருவர் மாட்டேன் என்றால் பன்னிரண்டு பேருக்கும் மாட்டேன்தான். அந்த ஒருவர், இரண்டாவது மாடி கோமளவல்லி.

கோமளவல்லி சினிமாக் கம்பெனிகளின் உடுப்புகளுக்குப் பட்டனும் சரிகையும் தைத்துக் கொடுப்பவள், ஐம்பத்தெட்டு வயது, பிள்ளை இல்லை. வீடு அவள் பெயரிலும் கணவர் துரைக்கண்ணு பெயரிலும் சேர்ந்து இருந்தது. துரைக்கண்ணு லைட்மேன். பதினோரு வருடத்துக்கு முன் ராஜமுந்திரியில் வெளிப்புறப் படப்பிடிப்பு முடிந்து, விளக்குகளையெல்லாம் வேனில் ஏற்றிக் கட்டிவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று சாலையைக் கடந்தவர், வரவில்லை. அவருடைய பை மட்டும் யூனிட்டோடு வீடு வந்து சேர்ந்தது. போலீஸ், ஜோசியம், வேண்டுதல், பேப்பரில் படம், எல்லாம் பார்த்தாகிவிட்டது. அன்றிலிருந்து தினமும் நாலு மணிக்கு கோமளவல்லி மொட்டை மாடி ஏறி, மேற்கே பஸ் ஸ்டாப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். வெளியூர் பஸ் பிடித்துக் கோயம்பேட்டில் இறங்கி மாறி வருகிறவர்கள் அந்த நேரத்துக்குத்தான் வந்து சேர்வார்கள் என்பது அவள் கணக்கு.

அவர் கையெழுத்து இல்லாமல் பத்திரம் செல்லாது. ஏழு வருடத்துக்கு மேல் ஒரு தகவலும் இல்லாதவரை இறந்தவராகக் கருதலாம் என்று சட்டம் இருக்கிறது, கோர்ட்டில் ஒரு மனுப் போட்டால் போதும் என்று வக்கீல் சொன்னார். அந்த மனுவைத்தான் கோமளவல்லி போட மறுத்தாள்.

பரசுராமன் வாரம் ஒரு முறை படியேறி வந்தார். "அம்மா, நான் உங்களக் கஷ்டப்படுத்தணும்னு வரல. என் வீட்டுக்காரி முட்டி தேஞ்சு எட்டு மாசமா கீழ இறங்கல. லிஃப்ட் இருந்தா கோயிலுக்காவது போவா. மெஹருன்னிசாம்மா வீட்ல சமையல் பண்றப்போ கூரை பேத்துக்கிட்டு அடுப்பு மேல விழுந்துச்சு, நீங்களே பாத்தீங்க. வெறும் பேப்பர்தாம்மா அது."

"வெறும் பேப்பர்னா, நீங்க செத்துட்டதா நீங்களே ஒண்ணு எழுதிக் குடுங்களேன் சார், பாப்போம்."

அவர் திரும்பிப் படியிறங்கப் போனார். கோமளவல்லிக்கே சங்கடமாகிவிட்டது. "தப்பா எடுத்துக்காதீங்க சார். அவருக்குத் தெரிஞ்சது இந்த ஒரு அட்ரஸ்தான். என் போன் நம்பர் நாலு வாட்டி மாறிடுச்சு. இத்தன வருஷம் கழிச்சு ஒருத்தர் தேடிக்கிட்டு வந்து, வீடு இருந்த எடத்துல வேற என்னமோ இருந்தா, அவரு யாரப் போய்க் கேப்பாரு?"

கீழ் வீட்டு மெஹருன்னிசா, அவளுக்கு இருபது வருடத் தோழி, கூரை விழுந்த அடுப்பில்தான் இன்னமும் சமைத்துக்கொண்டிருந்தாள். ஒரு நாளும் கையெழுத்தைப் பற்றி வாய் திறந்ததில்லை. அதுதான் கோமளவல்லிக்கு எல்லாவற்றையும்விடக் கனமாக இருந்தது.

ஆவணி பிறந்த முதல் வாரம், நாலு மணி பத்து நிமிடத்துக்கு, ஏழுமலை இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு ஓடி வந்து கீழேயிருந்து கூவினார். "யக்கா! கொஞ்சம் எறங்கி வா! ஏழாவது மாடில ஆள் நிக்குது!"

அதுவரை அந்த நிழலில் கட்டடம்தான் இருந்தது, மனிதர்கள் இல்லை. அன்றைக்கு, திடலின் சிமெண்ட் பெஞ்சுக்குப் பக்கத்தில், ஏழாவது மாடி வடக்கு ஓரத்துப் பால்கனியின் நிழல் விழும் இடத்தில், ஒரு ஆளின் நிழல் நின்றது. இடது கையை இடுப்பில் ஊன்றி, வலது கையை நெற்றியில் குடையாகக் கவிழ்த்து, மேற்கே பார்த்தபடி. கோமளவல்லி பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். துரைக்கண்ணு நிற்பது அப்படித்தான். மேகம் மறைத்துப் படப்பிடிப்பு நிற்கும்போதெல்லாம் அவர் அப்படி நின்று சூரியனை அளந்து, இன்னும் ஆறு நிமிஷம் சார் என்பார். ஆறாவது நிமிடம் வெயில் அடிக்கும். அவர் சட்டைகளை வருடக்கணக்காக இஸ்திரி போட்ட ஏழுமலைக்கும் அந்த நிற்பு தெரியும். "அண்ணன்தான்க்கா," என்றார். "வேற யாரு இப்டி நிப்பாங்க?"

அன்றிலிருந்து கோமளவல்லி மொட்டை மாடிக்குப் போவதை விட்டுவிட்டாள். மூன்றரை மணிக்கே குளித்து, வேறு புடவை மாற்றி, பதினோரு வருடமாகக் கனகாம்பரம்கூட ஏறாத தலையில் இரண்டு முழம் மல்லிகை வைத்துக்கொண்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். நாலு பத்துக்கு நிழல் வரும், கால் மணி நேரம் நிற்கும், போகும். அவள் அதோடு பேசினாள். விலைவாசியைப் பற்றி, செத்துப்போன மாமனாரைப் பற்றி, ஃபியூஸ் போன மிக்ஸியைப் பற்றி. தெரு இதையும் ஏற்றுக்கொண்டது. கிரிக்கெட் ஆடுகிறவர்கள் அந்தக் கால் மணி நேரம் ஸ்டம்பைத் தள்ளி நட்டார்கள். பூக்காரி வாடிக்கையாக இரண்டு முழம் எடுத்து வைத்தாள்.

மெஹருன்னிசாவையும் ஒரு நாள் கூட்டிவந்து காட்டினாள். மெஹருன்னிசா நெடுநேரம் அந்த நிழலைப் பார்த்தாள், அப்புறம் கோமளவல்லியைப் பார்த்தாள். "உடம்பு கொஞ்சம் பெருத்துட்டாரு போல இருக்கேக்கா," என்றாள்.

"பதினோரு வருஷமா ஓட்டல் சாப்பாடு. பெருக்காம என்ன செய்யும்?" என்று சிரித்தாள் கோமளவல்லி. அவள் சிரித்து அப்போதுதான் நாங்கள் பார்த்தோம்.

ஆவணி கடைசி வெள்ளிக்கிழமை நிழல் வரவில்லை. கட்டடம் வந்தது, பால்கனி வந்தது, ஆள் இல்லை. நாலரை ஆயிற்று, ஐந்து ஆயிற்று, நிழல் எதிர் வீட்டுச் சுவரில் ஏறிக் கரைந்தது. கோமளவல்லி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். நான் கையெழுத்துப் போடாததால் கோபித்துக்கொண்டு போய்விட்டார், வருவதற்கு வீடே இல்லாமல் செய்துகொண்டிருக்கிறேன் என்று அவள் மனம் பின்னிக்கொண்டே போயிற்று. மெஹருன்னிசா கொண்டுவந்த இட்லியைத் தொடவில்லை. மறுநாள் சனிக்கிழமை காலையிலிருந்தே, பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல், வெயிலில் அதே பெஞ்சில் கிடந்தாள். நாலு பத்துக்கு அவர் வந்தார். இடுப்பில் கை, நெற்றியில் கை, ஒரு நாள்கூடத் தவறாதவர் மாதிரி.

கோமளவல்லி எழுந்து நேராகப் பரசுராமன் வீட்டுக்குப் போனாள். "மனுப் போடறேன் சார். ஏழாவது மாடி, வடக்கு ஓரம், எனக்கு."

இறந்தவராக அறிவிக்கக் கோரும் மனுவுக்குப் பொட்டும் பூவுமாக வந்து நின்றவளை அந்தக் கோர்ட் பார்த்திருக்காது. காலமானதாகக் கருதப்படும் துரைக்கண்ணு என்று குமாஸ்தா படிக்கும்போதெல்லாம் அவள் மனதுக்குள், சும்மா பேப்பருக்குத்தான், நீங்க ஒண்ணும் நெனச்சுக்காதீங்க என்று சொல்லிக்கொண்டாள். ஆனியில் தீர்ப்பு வந்தது. ஆடி முடிவதற்குள் முல்லை ஃபிளாட்ஸை இடித்துவிட்டார்கள். திடல் முழுக்க ஜல்லியும் கம்பியும் கொட்டி, தகரம் அடித்து மறைத்தார்கள். நிழலைப் பார்க்க முடியாத அந்த இரண்டு வருடமும் கோமளவல்லி வளசரவாக்கத்தில் வாடகை வீட்டில் இருந்தாள்.

கட்டடம் வளர வளர, தனக்கு முன்னால் வந்துவிட்ட நிழலை ஒவ்வொரு மாடியாக நிரப்பிக்கொண்டே போனது. ஒன்பதாவது மாடியில் தொட்டியும் வைத்தபோது இரண்டும் ஓரத்துக்கு ஓரம் பொருந்தின. அதோடு அது எல்லாக் கட்டடத்துக்கும் இருக்கும் நிழலாகிவிட்டது. அதற்கப்புறம் யாரும் அதைக் குனிந்து பார்க்கவில்லை.

ஆவணி முதல் முகூர்த்தத்தில் கோமளவல்லி ஏழாவது மாடியில் பால் காய்ச்சினாள். இந்த முறை பால் அடுக்களையிலேயே பொங்கியது. இரண்டு டம்ளரில் ஊற்றி, ஒன்றை மூடி வைத்தாள். நாலு மணிக்கு வடக்குப் பால்கனியில் போய் நின்று, அவர் வருவதற்காக மேற்கே பஸ் ஸ்டாப்பைப் பார்த்தாள். மறுநாளும் பார்த்தாள். மூடிய டம்ளரை அந்தியில் தானே குடித்துவிட்டுக் கழுவி வைப்பாள். இங்கே நிற்கப் போகிறவர் இங்கே வந்துதானே ஆக வேண்டும், எந்த நாள் என்பதுதான் கேள்வி என்று இருந்தாள்.

ஆவணி கடைசி வியாழக்கிழமை. ஏழுமலை அப்போதுதான் மறுபடியும் வண்டியைத் திடலுக்குக் கொண்டுவந்திருந்தார். நாலு பத்து. சிமெண்ட் பெஞ்சின் பக்கம் திரும்பியவர் அப்படியே நின்றார், பிறகு இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு மேலே பார்த்துக் கத்தினார். "யக்கா! அண்ணன் வந்துட்டாரு! உம் பக்கத்துலதான்க்கா நிக்கிறாரு!"

கோமளவல்லி திரும்பினாள். பால்கனியில் அவளைத் தவிர யாரும் இல்லை. கீழே பார்த்தாள். பெஞ்சின் பக்கத்தில் அந்த நிழல், இடது கை இடுப்பில், வலது கை நெற்றியில். வெயில் கண்ணில் குத்தாமலிருக்க நெற்றியில் வைத்திருந்த கையை அவள் மெதுவாக எடுத்தாள். கீழே அதுவும் எடுத்தது.

சூரியனைப் பார்க்கிறவரும் பஸ் ஸ்டாப்பைப் பார்க்கிறவளும் ஒரே மாதிரிதான் நிற்பார்கள் என்பது பதினாலு வருடத்தில் அவளுக்கு ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை. தோன்றியிருந்தால் அவரை அவள் கையாலேயே சாகடித்திருக்க மாட்டாள்.

வெள்ளிக்கிழமை பால்கனிக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். நாலு பத்து வந்தது, போனது. அந்தி சாய்கிற நேரத்தில் நாலாவது மாடியிலிருந்து மெஹருன்னிசா லிஃப்டில் ஏறி வந்தாள். ஏழுமலை சொல்லிவிட்டிருக்க வேண்டும்.

"மெஹர், உனக்கு அன்னைக்கே தெரியும், இல்ல?"

மெஹருன்னிசா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏன்டி சொல்லல? வீடு கெடைக்கும்னா?"

"அப்படியும் வெச்சுக்கங்க. இல்லேன்னு சொன்னா பொய்யாயிடும்." மெஹருன்னிசா கையிலிருந்த இட்லிப் பாத்திரத்தை மேசைமேல் வைத்தாள். "ஆனா நீங்க அன்னைக்குத் தல நெறய பூ வெச்சிருந்தீங்கக்கா. அதப் பாத்துக்கிட்டு எனக்கு வாய் வரல."

கோமளவல்லி அழுதாள். திட்டினாள், மறுபடியும் அழுதாள். மெஹருன்னிசா எதையும் தடுக்கவில்லை. கொண்டுவந்த இட்லி மேசையிலேயே ஆறியது. போகும்போது மூடி வைத்துவிட்டுப் போனாள். அந்தப் பாத்திரத்தைப் பார்த்தபோதுதான் கோமளவல்லிக்கு உறைத்தது. ஆவணி கடைசி வெள்ளி. தொடாத இட்லி. வராத நிழல். மூன்று வருடம் முன்னால் அன்றைக்கு வராமல் போனதும் இவள்தான்.

சனிக்கிழமை முழுக்க அவள் தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திறக்காமல் இருந்துவிட்டால் போதும். கீழே பெஞ்சில் இருக்கிறவள், மூன்று வருடத்துக்கு முந்தைய கோமளவல்லி, இன்றைக்கும் ஏமாந்து எழுந்து போவாள், பரசுராமன் வீட்டுக்குப் போக மாட்டாள், எந்தக் குமாஸ்தாவும் எதையும் படிக்க மாட்டான், துரைக்கண்ணு காணாமல் போனவராகவே, உயிரோடு, இருப்பார். இந்த வீடு இருக்காது, போகட்டும். வெளியே லிஃப்ட் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பரசுராமனின் மனைவி பட்டுப்புடவையில், அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்துக் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தார். நன்றாகப் போகட்டும் என்று நினைத்தாள், அதற்காகவும் எழுந்திருக்கவில்லை.

நாலு மணி ஆயிற்று. பெஞ்சில் இருக்கிறவளை நினைத்தாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காதவள், நேற்று வைத்த மல்லிகை காய்ந்து தலையிலேயே கிடப்பவள், கண்ணை எடுத்தால் எங்கே வந்துவிட்டுப் போய்விடுவாரோ என்று வெயிலில் கிடப்பவள். இவளுக்குத்தான் எல்லாம் தெரிந்துவிட்டது. அவளுக்கு இன்னும் பத்து மாதம் சந்தோஷம் பாக்கி இருக்கிறது. அதைப் பிடுங்க இவளுக்கு மனசு வரவில்லை.

கோமளவல்லி முகம் கழுவினாள், தாழ்ப்பாளைத் திறந்தாள். நாலு பத்துக்கு, பால்கனியின் ஓரத்தில், பெஞ்சில் இருப்பவளுக்கு நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து நின்று, அவர் எப்படி நிற்பாரோ அப்படி இடது கையை இடுப்பில் ஊன்றி, வலது கையை நெற்றியில் கவிழ்த்துக்கொண்டாள். திரும்பிக் கீழே பார்க்கவில்லை. கால் மணி நேரத்தில் பஸ் ஸ்டாப்பில் மூன்று பஸ் வந்து போனது. அவள் கையை இறக்கவில்லை.